குறுநாவல் வாசிக்கிற ஆக்கள் அடிக்கடி கேக்கிற கேள்விகள்: தீம் (கருப்பொருள்), பாத்திரம், பக்கத்தில நிக்கிற ஆள்

நான் திருகோணமலையில இருந்து இலக்கியம் படிக்கிற ஸ்டூடன்ட். ஏ எல் (உயர்தரம்) படிக்கிற தம்பி தங்கச்சியாக்கள், கூடப் படிக்கிறவங்க, சில நேரம் அவங்கட அம்மா அப்பா கூட, குறுநாவல்கள் பத்தி கேக்கிறது திரும்பத் திரும்ப அதே கேள்விகள்தான், அதால எல்லாத்தையும் ஒரே இடத்தில எழுதி வைக்கிறன். நான் இங்க கதைக்கப்போற புத்தகங்கள் தோல்ஸ்தோய் எழுதின இவான் இலியிச்சின் மரணம் (1886), காஃப்கா எழுதின உருமாற்றம் (1915), ஓர்வெல் எழுதின விலங்குப் பண்ணை (1945), ஸ்டைன்பெக் எழுதின முத்து (1947), ஹெமிங்வே எழுதின கிழவனும் கடலும் (1952), சி.சு. செல்லப்பா எழுதின வாடிவாசல் (1959), பிறகு மார்க்கேஸ் 1981ல எழுதின, முன்கூட்டியே அறிவிச்ச ஒரு கொலையிட கதை. முடிவையும் சேத்துத்தான் சொல்லுவன். முடிவு தெரிஞ்சா சுவை போயிடும் எண்டு நினைக்கிறவங்க முதல் புத்தகத்த வாசிச்சிட்டு வாங்க, எல்லாமே சின்னப் புத்தகம்தான்.

குறுநாவல் எண்டா என்ன? எத்தனை பக்கம் இருக்கோணும்?

பக்கக் கணக்கு ஒவ்வொரு இடத்தில ஒவ்வொரு மாதிரி. அறிவியல் புனைகதைக்கு குடுக்கிற ஹியூகோ, நெபியுலா விருதுகள்ல 17,500 சொல்லில இருந்து 40,000 சொல் வரைக்கும் உள்ளத குறுநாவல் எண்டு வச்சிருக்கிறாங்க. தமிழ்ல அப்பிடி ஒரு கோடு ஒருத்தரும் கீறல்ல.

எனக்கு அளவ விட முக்கியமாப் படுறது வேற ஒண்டு. குறுநாவல்ல ஒரு ஆள், அவருக்கு ஒரு இக்கட்டு, அவ்வளவுதான். பெரிய நாவல்ல மாதிரி பெரியப்பாட மகன்ட கல்யாணக் கதை, பக்கத்து வீட்டுச் சண்டை எண்டு கிளை விட்டுப் போக நேரம் இல்ல. வாடிவாசல் முழுக்க ஒரு பின்னேரம். கிழவனும் கடலும் சில நாள். உருமாற்றம் சில மாதம். இவான் இலியிச்தான் வித்தியாசம், அதில ஒரு மனுசன்ட முழு வாழ்க்கையும் வருது, ஆனா அந்த வாழ்க்கைய தோல்ஸ்தோய் கெதியாச் சொல்லி முடிச்சிட்டு வருத்தத்திலயும் சாவிலயும்தான் நிண்டு நிதானமா எழுதுறார்.

முதல் முதல் வாசிக்கிறதெண்டா எதில தொடங்கலாம்?

எங்கட ஊர்ப் பிள்ளையள் எண்டா கிழவனும் கடலும்தான், யோசிக்காமச் சொல்லுவன். திருக்கடலூர்ப் பக்கமோ குச்சவெளிப் பக்கமோ சொந்தக்காரர் தொழிலுக்குப் போற வீட்டில பிறந்த ஒரு பிள்ளைக்கு, கயிறு உள்ளங்கைய அறுக்கிறது, கை விறைச்சுப்போய் விரிக்க ஏலாம நிக்கிறது, கன நாளா மீன் படாத ஆள ஊர் ராசியில்லாதவன் எண்டு ஒதுக்கிறது, இதையெல்லாம் ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்ல. கதை நடக்கிறது கியூபாவில, ஹவானாவுக்கு வெளிய வளைகுடா நீரோட்டம் ஓடுற கடல்ல, எங்கட ஆக்கள் மாதிரி இஞ்சின் பூட்டின போட் இல்லாம பாயும் துடுப்பும் வச்ச சின்ன வள்ளத்தில, அந்த ஒரு வித்தியாசத்த மனசில வச்சுக்கொண்டு வாசிச்சாக் காணும்.

கடல் பிடிக்காட்டி வாடிவாசல்ல தொடங்குங்க. இவான் இலியிச்ச முதல்ல எடுக்க வேணாம், அது கொஞ்சம் வாசிச்சுப் பழகின பிறகு.

தீம் எண்டா என்ன? எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

என்னட்ட ஆகக் கூட வாற கேள்வி இது. சோதினைக்குப் படிக்கிற கன பேர் தீம் எண்டா ஒரு சொல் எண்டு நினைச்சு வச்சிருக்கிறாங்க. கிழவனும் கடலுமா, விடாமுயற்சி. உருமாற்றமா, தனிமை. முத்தா, பேராசை. இவான் இலியிச்சா, மரணம். அந்தச் சொல்லு பிழையில்ல, ஆனா அத எழுதுறதுக்கு புத்தகம் வாசிக்கத் தேவையே இல்லையே, பின்னட்டையப் பாத்தே எழுதிப்போடலாம்.

நான் வேற ஒரு வழியில பாக்கிறனான். இந்தக் கதைகள்ல நடுவில ஒரு ஆள் கிடந்து மாளுறார், அது எல்லாருக்கும் தெரியுது. ஆனா ஒவ்வொரு கதையிலயும் அவருக்குப் பக்கத்தில இன்னொரு ஆள் நிக்கிறார். ஹெமிங்வேட கிழவருக்கு மனோலின் எண்ட பெடியன், உருமாற்றத்தில கிரகருக்கு தங்கச்சி கிரேட்டா, இவானுக்கு கெராசிம் எண்ட வேலைக்காரப் பெடியன், முத்து கதையில கினோவுக்கு மனிசி ஹுவானா, வாடிவாசல்ல பிச்சிக்கு மருதன். நடுவில இருக்கிறவருக்கு நடக்கிறது அவர்ட கையில இல்ல, மீன் இழுக்குது, உடம்பு பூச்சியாப் போகுது, வருத்தம் வருது. பக்கத்தில நிக்கிற ஆளுக்குத்தான் இருக்கவும் ஏலும், எழும்பிப் போகவும் ஏலும். அதால அந்த ஆள் என்ன செய்யிறார், எந்தப் பக்கத்தில மனம் மாறுறார் எண்டு பென்சிலால கோடு போட்டுக்கொண்டு வாசிங்க. தீம் அங்கதான் வெளிய வருது, அதுவும் ஒரு சொல்லா வராது, ஒரு கேள்வியா வரும். கஷ்டத்தில கிடக்கிற ஒரு ஆளுக்குப் பக்கத்தில இன்னொரு ஆள் எவ்வளவு காலம் நிப்பார், எதுக்காக நிப்பார் எண்ட கேள்வி. அடுத்த பதில்கள்ல நான் சொல்லுறதெல்லாம் இதில இருந்துதான் வருது.

கிழவர் சந்தியாகோ வெண்டவரா தோத்தவரா?

கணக்காப் பாத்தா தோல்விதான், அத மறைக்கத் தேவையில்ல. 84 நாள் மீன் படல்ல, பிறகு பதினெட்டடி நீளத்தில ஒரு மார்லின் படுது, வள்ளத்த விட மீன் ரெண்டடி நீளம், ரெண்டு ராவும் பகலுமா அது இழுக்குது, மூண்டாம் நாள் அவர் அத ஈட்டியால குத்திக் கொல்லுறார், கரைக்கு வாற வழியில சுறா ஒண்டு மாறி ஒண்டு வந்து எல்லாத்தையும் திண்டு எலும்பத்தான் மிச்சம் விடுது. சந்தையில விக்க ஒரு துண்டு இல்ல. அவரே தான் தூரம் கூடப் போயிட்டன் எண்டு சொல்லுறார், மீனிட்ட மன்னிப்பும் கேக்கிறார். சுறாவோட மட்டும் அவர் தோக்கல்ல, தன்ட அளவுக்கு மேல போன தன்னோடயும் தோத்திருக்கிறார் எண்டுதான் எனக்கு விளங்குது. இத விட்டிட்டு விடாமுயற்சி வெற்றி தரும் எண்டு எழுதினா அது வேற ஏதோ புத்தகத்துக்கு எழுதின விடை.

இப்ப மனோலினப் பாருங்க. முதல் 40 நாள் அவன் கிழவரோட கடலுக்குப் போனவன். மீன் படல்ல எண்டதும் தாய் தகப்பன் வேற வள்ளத்துக்கு மாத்திப்போட்டாங்க, அவன் சின்னப் பெடியன், சொன்னாக் கேக்கத்தான் வேணும். ஆனா பிறகும் ஒவ்வொரு பின்னேரமும் வந்து கயிறு தூக்குறான், இரைக்கு சின்ன மீன் கொண்டாறான், சாப்பாடு வாங்கியாறான், விடியக்காலமை டின்பால் பேணியில கோப்பி குடிக்கிறாங்க ரெண்டு பேரும். கிழவர் வீட்டில சோறு இருக்கு, வலை இருக்கு எண்டு ரெண்டு பேரும் சும்மா கதைச்சுக்கொள்ளுற ஒரு இடம் இருக்குது, சோறும் இல்ல வலையும் இல்ல, வலை எப்பவோ வித்தாச்சு, ரெண்டு பேருக்கும் அது தெரியும், ஆனா அந்தக் கதைய ஒவ்வொரு நாளும் கதைக்கிறாங்க. ஒரு வயசான மனுசன்ட மரியாதைய ஒரு பெடியன் இவ்வளவு பக்குவமாக் காப்பாத்துறத வேற எந்தப் புத்தகத்திலயும் நான் வாசிக்கல்ல. கடலுக்குள்ள தனிய நிக்கேக்க கிழவர் திரும்பத் திரும்பச் சொல்லுறதும் பெடியன் இங்க இருந்திருக்கலாம் எண்டுதான்.

கடைசியில பெடியன் வந்து கிழவர்ட கையப் பாத்திட்டு அழுறான், இனி வீட்டில என்ன சொன்னாலும் உங்களோடதான் கடலுக்கு வருவன் எண்டு சொல்லுறான். கிழவர் மீனத் தோத்துட்டார், பெடியன் திரும்பக் கிடைச்சிட்டான். அதே நேரம் எலும்பப் பாத்திட்டு அது சுறா எண்டு நினைச்சுக் கதைக்கிற உல்லாசப் பயணிகளையும் ஹெமிங்வே கடைசிப் பக்கத்தில கொண்டாறார், கடற்கரையில நிண்டு பாக்கிற எல்லாருக்கும் நடந்தது விளங்காது, ஒரு பெடியனுக்குத்தான் முழுக்க விளங்குது. வெண்டவரா தோத்தவரா எண்ட கேள்விக்கு நான் எழுதுற விடை அந்தப் பெடியன்தான்.

கிழவர் இயேசுவோட சின்னம் எண்டு சொல்லுறாங்களே, அது சரியா?

பாய்மரத்த தோளில வச்சு மேட்டில ஏறுறார், விழுறார், பிறகு கையிரண்டையும் விரிச்சு உள்ளங்கை மேல பாக்கப் படுக்கிறார், சுறாவக் கண்ட உடன அவர் வாயில வாற சத்தத்த ஆணி கையில இறங்கேக்க வாற சத்தத்தோட சேத்து எழுதியிருக்கு. அதால அப்பிடி வாசிக்க இடம் இருக்குது. ஆனா ஹெமிங்வே 1952ல பெர்னார்ட் பெரன்சன் எண்ட கலை விமர்சகருக்கு எழுதின கடிதத்தில இதில குறியீடு எதுவும் இல்ல, கடல் கடல்தான், கிழவர் கிழவர்தான் எண்டு சொல்லியிருக்கிறார். ரெண்டையும் எழுதுங்க. ஆனா சிலுவையப் பத்தியே ரெண்டு பக்கம் எழுதி அந்தக் கையில இருக்கிற நிஜமான காயத்த மறந்துபோயிடாதீங்க.

கிரகர் சம்சா ஏன் பூச்சியா மாறினான்? காரணமே சொல்லலையே?

சொல்லவே இல்ல, முதல் வசனத்திலயே மாறியாச்சு. காஃப்காவுக்கு அது என்ன பூச்சி எண்டு காட்டவும் விருப்பம் இல்ல, 1915ல புத்தகமா வரேக்க அட்டையில அந்தப் பூச்சிய வரையவே கூடாது எண்டு பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினவர்.

காரணத்தத் தேடுறதில நேரத்த விடாம, எழும்பின உடன கிரகர் என்ன யோசிக்கிறான் எண்டு பாருங்க. உடம்பெல்லாம் மாறிக் கிடக்குது, மனுசன் யோசிக்கிறது அஞ்சு மணி ரயில் போயிட்டுதே எண்டு. அவன் துணி விக்கிற கம்பனியில ஊர் ஊராப் போற சேல்ஸ்மேன், தாய் தகப்பன் அந்த முதலாளிக்குக் கடன், அதக் கட்டி முடிக்க இன்னும் அஞ்சாறு வருசம் வேணும், அதால வேலைய விடவும் ஏலாது. கொஞ்ச நேரத்தில கம்பனியில இருந்து ஆளே வீட்டு வாசலுக்கு வந்திட்டான் ஏன் வரல்ல எண்டு கேக்க. வெளிநாட்டில நிண்டு ஒரு குடும்பத்தையே தூக்கிச் சுமக்கிற அண்ணாமார் எங்கட ஒவ்வொரு ஒழுங்கையிலயும் இருக்கிறாங்க, அவங்களில ஒருத்தர் வருத்தமாப் படுத்தா வீட்டில முதல் வாற பயம் எது எண்டு எங்களுக்குத் தெரியும், அதால எனக்கு இந்தக் கதை ஒரு விநோதக் கதையாவே படல்ல. காஃப்காவும் பிராக்கில தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனத்தில வேலை செய்தவர், வேலையில உடம்பு போன மனுசர்ட பைல்கள் அவர்ட மேசைக்கு வந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

அப்ப தங்கச்சி கிரேட்டா கெட்டவளா?

இதுக்குத்தான் நான் ஆகக் கூட வாதாடுறனான். கிளாஸ்ல பாதிப் பேர் அவள திட்டுறாங்க, நான் அந்தப் பக்கம் இல்ல.

அவளுக்கு வயசு 17. முதல்ல அந்த வீட்டில கிரகரிட அறைக்குள்ள போறது அவள் ஒருத்திதான். பால் வச்சாள், அவன் குடிக்கல்ல எண்டு கண்டு அடுத்த நாள் பழைய மரக்கறி, எலும்பு, முதல் அவனே சாப்பிட ஏலாது எண்டு சொன்ன சீஸ் எண்டு விதவிதமா கடதாசியில பரப்பி வைக்கிறாள், எது பிடிக்கும் எண்டு அறிய. தாய்க்கு அந்த அறைக்குள்ள போக ஏலல்ல. தகப்பன் அப்பிள் எறிஞ்சு அவன்ட முதுகில ஒண்டு புதைஞ்சே போச்சு. பிறகு வீட்டில காசு இல்லாம தகப்பன் பாங்க் ஒண்டில பியோன் வேலைக்குப் போறார், தாய் தைக்கிறா, கிரேட்டா கடையில விக்க நிக்கிறாள், ராவில சுருக்கெழுத்தும் பிரெஞ்சும் படிக்கிறாள். களைப்பு வந்திட்டுது. சாப்பாட்ட காலால தள்ளி விடுறாள், அறை கூட்டுறதும் விட்டுப்போகுது. கடைசியில வயலின் வாசிக்கிற இரவு, வீட்டில வாடகைக்கு இருக்கிற மூண்டு பேரும் கிரகரக் கண்டு போகப்போறம் எண்டு சொன்ன பிறகு, இத விட்டுத் தொலைக்கோணும் எண்டு வாய் திறந்து சொல்லுறதும் அவள்தான். அண்டு விடியமுதல் கிரகர் செத்துப்போறான். அவள கன்சவேட்டரிக்கு இசை படிக்க அனுப்பப்போறன் எண்டு நத்தாருக்குச் சொல்ல இருந்தவன் அவன்.

என்ட வாதம் இதுதான். படுத்த படுக்கையா இருக்கிற ஒரு ஆள வருசக்கணக்காப் பராமரிக்கிற வீடு எங்கட எல்லாச் சொந்தத்திலயும் ஒண்டு இருக்குது, அங்க அந்த வேலை எப்பவும் ஒரு பொம்பிளைப் பிள்ளைட தலையிலதான் விழும். முதல்ல அன்பு, பிறகு கடமை, பிறகு களைப்பு, அதுக்குப் பிறகு வாற சொல்லு எதுவும் நல்ல சொல்லா இருக்காது. கிரேட்டா சொன்னது கொடூரம்தான், இல்லையெண்டு நான் சொல்லல்ல. ஆனா அந்தச் சொல்ல அவள் தனியச் சுமந்த பிறகுதான் சொல்லுறாள், சுமக்காத தாயும் தகப்பனும் அவள் சொல்லும் வரைக்கும் பேசாம இருந்தாங்க, சொன்ன உடன அவள் சொல்லுறது சரிதான் எண்டிட்டார் தகப்பன். கடைசிப் பக்கத்தில மூண்டு பேரும் ட்ராமில ஊருக்கு வெளிய போறாங்க, மகள் வளந்திட்டாள், நல்ல மாப்பிள்ளை பாக்கோணும் எண்டு தாய் தகப்பன் யோசிக்கிறாங்க. அடுத்ததா அந்தக் குடும்பத்தச் சுமக்கப்போறது ஆர் எண்டு எனக்கு அந்த இடத்தில பயமா இருந்தது. மாறினது கிரகரா கிரேட்டாவா எண்டு ஆராவது கேட்டா, கிரகர் மனசுக்குள்ள கடைசி வரைக்கும் அதே அண்ணாதான், கதை முழுக்க மாறிக்கொண்டு வாறது கிரேட்டாதான் எண்டு சொல்லுவன்.

இவான் இலியிச் வாசிக்க அலுப்பா இருக்கே, அத ஏன் எல்லாரும் புகழுறாங்க?

முதல் அத்தியாயத்த ஒரு செத்த வீட்டுக்குப் போற மாதிரி வாசிங்க, அலுக்காது. நீதிபதியா இருந்த இவான் செத்த செய்தி பேப்பர்ல வருது, கூட வேலை செய்தவங்க மனசில முதல் வாறது அவர்ட இடத்துக்கு ஆருக்கு மாற்றம், ஆருக்கு பதவி உயர்வு. செத்த வீட்டுக்குப் போனா மனிசி அழுதுகொண்டே அரசாங்கத்திட்ட இருந்து காசு எவ்வளவு கூட எடுக்கலாம் எண்டு கேக்கிறா. இத வாசிக்கேக்க எங்கட ஊர்ச் செத்த வீட்டுப் பந்தலுக்குக் கீழ கதைபடுற கதைகள் எனக்கு ஞாபகம் வந்தது.

பிறகுதான் அவர்ட கதை. புது வீட்டுக்கு திரைச்சீலை எப்பிடிப் போடோணும் எண்டு காட்டப்போய் ஏணியில இருந்து சறுக்கி விலாவில அடிபடுது, அந்தச் சின்ன அடியில இருந்து வருத்தம் தொடங்குது, 45 வயசில சாவு. மனிதர் எல்லாரும் சாகிறவங்க எண்டு லொஜிக் புத்தகத்தில படிச்சது அவருக்குத் தெரியும், ஆனா அது தனக்கும் எண்டு மனசு ஏற்கல்ல. டாக்டர்மார், மனிசி, மகள் எல்லாரும் உங்களுக்கு ஒண்டுமில்ல, மருந்து எடுத்தாச் சரி எண்டு நடிக்கிறாங்க. அந்தப் பொய்தான் அவருக்கு நோவ விடக் கூட நோகுது.

கெராசிம் ஒருத்தன்தான் நடிக்கல்ல. மலசலம் எடுத்து ஊத்துறது அவன், அதையும் முகம் சுளிக்காமச் செய்யிறான். இவானுக்கு காலை உயர்த்தி வச்சா நோவு குறையுது எண்டதுக்காக ராவு ராவா காலத் தன்ட தோளில வச்சுக்கொண்டு இருக்கிறான். எல்லாரும் ஒரு நாள் சாகத்தானே போறம், இந்த உதவியச் செய்தா என்ன எண்டு சாதாரணமாச் சொல்லுறான். கிரேட்டாவுக்கு ஏலாமப் போனது இவனுக்கு ஏன் ஏலுது? நான் நினைக்கிறது என்னெண்டா, இவனுக்கு இவான் உழைச்சுத் தரவேணாம், சுகமாகவும் வேணாம், இவானிட்ட இருந்து அவன் எதையும் எதிர்பாக்கல்ல. சம்பளத்துக்கு இருக்கிறவன்தானே எண்டு நீங்க சொல்லலாம், ஆனா சம்பளம் வாங்கின வேற ஆக்களும் அந்த வீட்டில இருந்தாங்க, ஒருத்தரும் ராவு முழுக்க காலத் தாங்கிக்கொண்டு இருக்கல்ல. இந்த ரெண்டு பாத்திரத்தையும் ஒப்பிட்டு எழுதினா நல்ல கட்டுரை வரும்.

முத்து பேராசையப் பத்தின கதைதானே?

இல்ல, அப்பிடி எழுதுறத தயவுசெய்து விடுங்க. கினோ எதுக்கு ஆசைப்பட்டான் எண்டு பாருங்க: கோயில்ல கல்யாணம், உடுப்பு, ஒரு துவக்கு, மகன் பள்ளிக்கூடம் போய் எழுத்துப் படிக்கிறது. பிள்ளைக்கு தேள் கடிச்சு கொண்டுபோனா காசில்லாதவனப் பாக்க மாட்டன் எண்டு டாக்டர் கதவத் திறக்கல்ல, முத்து கிடைச்சது தெரிஞ்ச உடன தானே வீடு தேடி வாறார். இதில பேராசை ஆருக்கு?

முத்து வாங்கிற இடத்த ரெண்டு தரம் வாசிங்க. லா பாஸ் எண்ட மெக்சிக்கோ ஊர்ல தனித்தனியா கன யாவாரிகள் இருக்கிற மாதிரித் தெரியும், ஆனா எல்லாருக்கும் பின்னால ஒரே முதலாளி, முதல் ஆள் ஆயிரம் பேசோ எண்டு சொன்னா அடுத்தவன் அதுக்கும் குறைச்சுச் சொல்லுவான். போட்டுக்கும் வலைக்கும் யாவாரியிட்ட முன்காசு வாங்கிப்போட்டு, பிடிச்ச மீன அவருக்கே அவர் சொன்ன விலைக்குக் குடுக்கிற ஆக்கள் எங்கட கரையிலயும் இருக்கிறாங்க, அவங்களிட்ட கினோ பேராசைக்காரன் எண்டு சொல்லிப் பாருங்க. தம்பலகாமக் குடாவிலயும் ஒரு காலம் தட்டைச் சிப்பியில சின்னச் சின்ன முத்து எடுத்தவங்க, இந்தக் கதைய அங்க வச்சு யோசிக்க எனக்குப் பிடிக்கும்.

ஹுவானாவப் பத்தி ஒருத்தரும் எழுதுறேல்ல, எனக்கு அதில சரியான கவலை. பிள்ளைய டாக்டரிட்ட கொண்டுபோகோணும் எண்டு முதல் சொன்னது அவள். விஷத்த வாயால உறிஞ்சினதும் அவள்தான், டாக்டர் விட்டதும் கடற்பாசிய அரைச்சு பிள்ளைட தோளில வச்சதும் அவள்தான். இந்த முத்து எங்கள அழிச்சிடும் எண்டு ராவோட ராவா அதக் கடல்ல எறியப் போனவளுக்கு கினோ அடிச்சு மிதிக்கிறான். அடி வாங்கியும் அவள் விட்டுப் போகல்ல, அது எனக்கு லேசா ஏற்க ஏலாத இடம், ஸ்டைன்பெக் அதப் பொறுமை எண்டு காட்டுறார், நான் அத அப்பிடி மட்டும் வாசிக்க மாட்டன். கடைசியில செத்த பிள்ளையோட திரும்பி வரேக்க அவள் பின்னால வரல்ல, பக்கத்தில வாறாள். முத்த அவளிட்ட நீட்டுறான், இல்ல நீங்கதான் எண்டு சொல்லுறாள். அந்த நடையில வாற மாற்றந்தான் எனக்கு அந்தக் கதையிட தீம்.

தமிழ்ல இதுகளுக்குப் பக்கத்தில வைக்கிற மாதிரி என்ன இருக்குது?

வாடிவாசல். தன்ட தகப்பன் அம்புலிய குத்திக் கொன்ற காரிக் காளைய ஜல்லிக்கட்டில அணைய, அதாவது பிடிச்சு அடக்க, பிச்சி வந்து நிக்கிறான், பக்கத்தில மருதன், திட்டிவாசலுக்குப் பக்கத்தில எல்லாம் தெரிஞ்ச ஒரு கிழவர், மேல மேடையில காளைக்குச் சொந்தக்காரரான ஜமீன்தார். ஒரு பின்னேரத்துக்குள்ள முடியுற கதையில ஒரு சொல்லு கூட மிச்சமா இல்ல. பிச்சி காளைய அடக்கிப்போட்டு தொடையில குத்து வாங்கிறான், ஜமீன்தார் தன்ட காளையத் தானே சுடுறார். மாடு என்ன பிழை செய்தது? பாக்கிறவர்ட மானத்துக்காக மனுசனும் சாகிறான், மாடும் சாகுது. இங்க பக்கத்தில நிக்கிற ஆள விட மேல இருந்து பாக்கிற ஆள்தான் முக்கியம், அதால என்ட வழி இதுக்கு அப்பிடியே பொருந்தாது, அதுவும் நல்லதுதான்.

எங்கட பக்கம் எண்டா மூதூர் வ.அ. இராசரத்தினத்தக் கட்டாயம் வாசிங்க. அவர்ட தோணி குறுநாவல் இல்ல, சிறுகதை, ஆனா ஒரு மீன்பிடிக் குடும்பத்துப் பெடியனுக்கு தோணியில இருக்கிற ஆசையப் பத்தினது, கினோட வள்ளத்த உடைச்சுப்போடுற இடத்தோட சேத்து வாசிச்சா மனம் கனக்கும்.

விலங்குப் பண்ணை அரசியல் தெரியாம விளங்குமா?

ரஷ்ய வரலாறு கொஞ்சம் தெரிஞ்சா நல்லம், தெரியாட்டியும் பொக்சர் எண்ட குதிரைக்காக அழ ஏலும். எல்லாரும் பண்ணைய ஆளுற பன்றி நெப்போலியனப் பத்தி எழுதுறாங்க. நான் பெஞ்சமின் எண்ட கழுதையப் பத்தி எழுதச் சொல்லுவன். அதுக்கு வாசிக்கத் தெரியும், நடக்கிறது எல்லாம் விளங்கும், ஆனா வாசிக்கிறதுக்குப் பெறுமதியா ஒண்டும் இல்ல எண்டு பேசாம இருந்தது. தன்ட ஒரே கூட்டாளி பொக்சர ஏத்திக்கொண்டு போற வண்டியில இறைச்சிக்கு குதிரை வெட்டுறவன்ட பேர் எழுதியிருக்கிறத அண்டுதான் சத்தம் போட்டு வாசிக்குது. வண்டி போயிட்டுது.

ஊர் முழுக்கத் தெரிஞ்சும் கொலை நடக்குது எண்டா நம்புற மாதிரி இல்லையே? (மார்க்கேஸ்)

சந்தியாகோ நாசாரக் கொல்லப்போறம் எண்டு விக்காரியோ இரட்டையர் கண்ட எல்லாரிட்டயும் சொல்லிக்கொண்டு திரியிறாங்க. மேயர் கத்தியப் பறிச்சிட்டு வேலை முடிஞ்சுது எண்டு போயிட்டார், அவங்க வேற கத்தி எடுத்தாங்க. வெறியில கதைக்கிறாங்க எண்டு சிலர் நினைச்சாங்க, ஆராவது சொல்லியிருப்பாங்க எண்டு சிலர் நினைச்சாங்க, கொல்லட்டும் எண்டு நினைச்சவங்களும் இருந்தாங்க. பால் கடைக்காரி குளோதில்தே தடுக்கப் பாடுபட்டாள். கடைசியா மகன் உள்ளுக்குத்தான் எண்டு நினைச்சு தாயே முன்கதவப் பூட்டினா, அவன் அந்தக் கதவிலதான் வெட்டுப்பட்டான்.

நம்புற மாதிரி இல்லையே எண்டு எங்கட வயசுப் பிள்ளையள் கேப்பாங்க. எங்கட அம்மம்மாமார் கேக்க மாட்டாங்க. தெரிஞ்சும் வாய் திறக்க ஏலாத காலம் எண்டா என்ன எண்டு இந்த ஊர்ல வயசான ஆக்களுக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்ல. இந்தக் கதைய வாசிச்சிட்டு வீட்டில பெரியாக்களோட கொஞ்சம் இருந்து கதைச்சுப் பாருங்க, அவங்க கதைச்சாக் கேளுங்க, கதைக்காட்டி விடுங்க.

யூடியூப்ல சுருக்கம் பாத்தாக் காணுமா?

காணாது. சோறும் வலையும் இருக்கு எண்டு நடிக்கிற அந்தக் கதை எந்தச் சுருக்கத்திலயும் வராது.

சோதினையில பாத்திரத்தப் பத்தி எப்பிடி எழுதுறது?

நல்லவர், கெட்டவர், பொறுமைசாலி எண்டு பண்புப் பட்டியல் எழுதாதீங்க. ஒரு செயல எடுங்க, அது கதையில எங்க வருது எண்டு சொல்லுங்க, அதே ஆள் அதுக்கு முன்னுக்கு என்ன செய்தவர் எண்டு பக்கத்தில வையுங்க, ரெண்டுக்கும் நடுவில என்ன நடந்தது எண்டு எழுதுங்க. கிரேட்டா பழைய சீஸ் வரைக்கும் தேடித் தேடி வச்சதையும் பிறகு சாப்பாட்டக் காலால தள்ளினதையும் சேத்து எழுதினா மார்க் போடுறவருக்கு நீங்க புத்தகத்த வாசிச்சிருக்கிறீங்க எண்டு உடனே விளங்கும். ஆசிரியர்ட பிறந்த வருசம், ஊர் எல்லாம் ஒரு வரி காணும்.

நீங்க சொல்லுற முடிவோட எனக்கு உடன்பாடு இல்லாட்டி?

எழுதுங்க, ஆனா பக்கத்தக் காட்டி எழுதுங்க. கிரேட்டாவ நான் விட்டுக்குடுக்க மாட்டன், ஆனா என்ட கூட்டாளி ஒருத்தி அவள மன்னிக்கவே மாட்டன் எண்டு நிக்கிறாள், காரணம் கேட்டா, அது என்ட அண்ணா எண்டு நம்பிறதாலதான் இவ்வளவு கஷ்டம், அந்த எண்ணத்த விடோணும் எண்டு கிரேட்டா தகப்பனிட்ட சொல்லுற அந்த ஒரு இடத்தக் காட்டுறாள். பூச்சியப் பாத்து அருவருக்கிறது வேற, அது அண்ணா இல்ல எண்டு சொல்லுறது வேற எண்டது அவள்ட வாதம். அதுக்கு என்னட்ட இன்னும் சரியான மறுமொழி இல்ல, தேடிக்கொண்டுதான் இருக்கிறன். உங்களிட்ட இருந்தா சொல்லுங்க.